எல்லைக்கு அந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள்

என் நாத்தனார் மெலானி பிறவிக் கோபக்காரி இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கடைசிக் காலத்தில் அவளைப் பார்த்தவர்கள், "அந்த அம்மாவா? அப்பப்பா, வாயைத் தொறந்தா நெருப்பு" என்றுதான் சொல்வார்கள். நான் அவளை முதலில் பார்த்தபோது அவளுக்குப் பதினெட்டு வயது. அவள் வாயைத் திறந்தால் கூட இருப்பவர்களுக்கு வயிறு வலிக்கும், அவ்வளவு சிரிப்பு.

நான், பிரான்ஸும் ஜெர்மனியும் மாறி மாறி ஆண்ட அல்சாஸ் பக்கத்துப் பெண். அவள் அண்ணன் சாலி போலாக்கைக் கட்டிக்கொண்டு சுவிட்சர்லாந்து எல்லையில் இருக்கும் க்ரொய்ட்ஸ்லிங்கனுக்கு வந்தேன். சாலிக்குப் பட்டன், நூல், ரிப்பன் விற்கிற சின்னக் கடை. கடையில் நின்று நான் இந்த ஊர்ப் பேச்சைப் பேச முயற்சி செய்யும்போது மெலானி கவுண்டருக்கு அடியில் உட்கார்ந்து சிரிப்பாள். "அண்ணி, தயவுசெஞ்சு வாயால பேசாதே. கையால காட்டு. வாங்க வந்தவங்க பயந்து ஓடுறாங்க" என்பாள். அவர்கள் குடும்பம் இந்த நாட்டில் எத்தனை தலைமுறை என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. யூதர்கள் இரண்டே கிராமங்களில்தான் குடியிருக்கலாம் என்று சட்டம் இருந்த காலத்திலேயே அந்த இரண்டில் ஒன்றில் இருந்தவர்கள். அவள் பாட்டனுக்குப் பாட்டன் அங்கே மாடு விற்றவர்.

எங்கள் தெருவைப் பிடித்து நேராக நடந்தால் கொன்ஸ்தான்ஸ் வந்துவிடும். அது ஜெர்மனி. அந்தக் காலத்தில் அது எங்களுக்குப் பக்கத்துத் தெரு மாதிரிதான். வெண்ணெய் இங்கே வாங்குவார்கள், துணி அங்கே எடுப்பார்கள். எங்கள் ஊர் யூதர்களுக்கு வெள்ளிக்கிழமை மாலைத் தொழுகைகூட அந்தப் பக்கத்து யூதத் தொழுகைக் கூடத்தில்தான். அங்கேதான் எர்வின் வைட் அவளைப் பார்த்தார். தொப்பிக் கடைக்காரர். உயரமான மனிதர், கொஞ்சம் கூச்சம். மெலானி சொல்லும் நகைச்சுவை அவருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆகும். புரிந்த பிறகு தனியாகச் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்காகவே அவரைக் கட்டிக்கொண்டேன் என்பாள்.

முதல் போர் முடிந்து ஒரு வருஷம் கழித்துக் கல்யாணம். பதிவு செய்த எழுத்தர் மை ஒற்றிக்கொண்டே சொன்னார்: "நான் பேனாவைக் கீழ வைக்கிறதுக்குள்ள நீங்க ஜெர்மன்காரி ஆயிட்டீங்கம்மா."

"அப்போ இனிமே எங்க அண்ணனை 'வெளிநாட்டுக்காரன்'னு கூப்பிடலாமா?" என்றாள் மெலானி. எல்லாரும் சிரித்தோம். நானும்தான்.

எங்கள் நாட்டுச் சட்டம் அது. ஆண்பிள்ளை எந்த நாட்டுப் பெண்ணைக் கட்டினாலும் அவனுக்கு ஒன்றும் ஆகாது, அவளும் இந்த நாட்டுக்காரி ஆகிவிடுவாள். பெண் வெளிநாட்டுக்காரனைக் கட்டினால் அவள் பிறந்த நாடு அவளுக்கு இல்லை. அதனால்தான் பேச்சுகூடச் சரியாக வராத நான் சுவிஸ்காரி ஆனேன், இங்கேயே பிறந்து வளர்ந்த அவள் அந்நிய நாட்டுக்காரி ஆனாள். பத்துப் பதினைந்து வருஷம் இது எங்கள் வீட்டில் ஒரு வேடிக்கைப் பேச்சாக மட்டும்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ப்ளம் பழ கேக்கோடு நடந்தே வருவாள். "கதவைத் தொறங்க, அந்நிய நாட்டுக்காரி வந்திருக்கேன்" என்று வாசலில் நின்று கத்துவாள்.

ஹிட்லர் வந்த பிறகு அவள் அப்படிக் கத்துவதை நிறுத்திவிட்டாள்.

எர்வின் கடை வாசலில் ஹிட்லர் கட்சியின் பழுப்புச் சட்டைக்காரர்கள் நின்று ஆட்களை விரட்டினார்கள். சாலி பல தடவை சொன்னார்: "மாப்பிள்ளை, கடையை மூடிட்டு இந்தப் பக்கம் வந்துருங்க." எர்வின் கேட்கவில்லை. "மச்சான், மனுஷனுக்குத் தலைன்னு ஒண்ணு இருக்கிற வரைக்கும் தொப்பி விக்கும்" என்பார். அவருக்கு அந்த ஊர்மேல் அவ்வளவு நம்பிக்கை. முதல் போரில் அந்த நாட்டுக்காகச் சண்டை போட்டுக் காதில் காயம் பட்டவர்.

1938 நவம்பரில் அந்தத் தொழுகைக் கூடத்தைக் கொளுத்தி, வெடி வைத்துத் தகர்த்தார்கள். வெடிச் சத்தம் எங்கள் கடை வரைக்கும் கேட்டது, ஜன்னலில் கோர்த்து வைத்திருந்த பட்டன் எல்லாம் ஆடியது. எர்வினைப் பிடித்துக்கொண்டு போய் டாகாவ் முகாமில் அடைத்தார்கள். சில வாரம் கழித்து, நாட்டை விட்டுப் போய்விடுகிறேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு விட்டார்கள். தலையை மொட்டையடித்து, பாதி உடம்பாகத் திரும்பினார்.

சரி, இப்போதாவது வரட்டும் என்று சாலியும் நானும் வெளிநாட்டார் விவகாரத்தைப் பார்க்கும் அலுவலகத்துக்குப் போனோம். அங்கே இருந்த அதிகாரி நல்ல மனிதர் மாதிரிதான் இருந்தார். எழுந்து நின்று வரவேற்றார், எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். சாலி விஷயத்தைச் சொன்னார்.

"திருமதி வைட் ஜெர்மன் பிரஜை" என்றார் அதிகாரி.

"என் தங்கச்சிய்யா. இங்கதான் பொறந்தா, இங்கதான் பள்ளிக்கூடம் போனா."

"புரியுது. ஆனா சட்டப்படி ஜெர்மன் பிரஜை. இங்க வந்தா எப்போ திரும்பிப் போவாங்க?"

"திரும்பிப் போக முடியாமத்தானே வர்றா!"

"அதான் சிக்கல். திரும்பிப் போக முடியாதவங்களை நாங்க உள்ள விட முடியாது. வேற ஏதாவது நாட்டுக்குப் போற விசா இருந்தா, போற வழியில கொஞ்ச நாள் தங்கலாம்."

எனக்குப் பொறுக்கவில்லை. "ஐயா, அவ இந்த ஊர்க்காரி. நான்தான் வெளியூர்க்காரி. என் பேச்சைக் கேட்டாலே தெரியலையா?" என்றேன்.

அவர் அன்பாகச் சிரித்தார். "உங்க பேச்சு எப்படி இருந்தாலும் நீங்க சுவிஸ்காரங்கம்மா. உங்களுக்கு ஒரு பயமும் வேண்டாம்."

எழுந்து வரும்போது சாலியின் தோளில் கை வைத்து இன்னொன்றும் சொன்னார். உங்கள் ஆட்கள் நிறையப் பேர் வந்தால் இங்கேயும் வெறுப்பு வளரும், உங்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறேன் என்றார். வெளியே வந்து சாலி நடைபாதையிலேயே நின்றுவிட்டார். "அவன் என்னைத் திட்டியிருந்தா நானும் திட்டியிருப்பேன் ஃப்ளோரா. இப்போ என்ன செய்றது?" என்றார். எங்கள் சமூகத்துப் பெரியவர்களிடம் போனோம். அவர்கள் ஏற்கெனவே வந்து சேர்ந்த அகதிகளுக்குச் சோறு போடவே ஊர் ஊராக நன்கொடை கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தச் செலவு முழுதும் எங்கள் தலையில்தான். "சத்தம் போடாதீங்க சாலி, இருக்கிறவங்களுக்கும் ஆபத்து" என்றார்கள்.

மெலானியின் பாஸ்போர்ட்டில் ஜெர்மன் அதிகாரிகள் சிவப்பு மையில் யூதர் என்பதற்கான எழுத்தைப் பெரிதாகக் குத்திக் கொடுத்தார்கள். எல்லையிலேயே யார் என்ன என்று தெரிவதற்கு ஏதாவது செய்யுங்கள் என்று அழுத்திக் கேட்டது எங்கள் நாடும்தான். அது எங்களுக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. அன்றைக்கு, ஜெர்மன்காரன் புத்தியைப் பார் என்று அவனை மட்டும் திட்டிக்கொண்டிருந்தோம்.

ஒரு இருட்டு வேளையில் தாண்டி வந்துவிடலாமே என்று நான் சொன்னேன். சிலர் அப்படி வந்தார்கள், சிலரை எங்கள் காவலர்களே பிடித்து ஜெர்மன்காரன் கையில் ஒப்படைத்தார்கள். எர்வின் மறுத்துவிட்டார். "நான் எதைத் திருடிட்டு ஓடுறேன்?" என்றார். தலைநகர் பெர்ன் வரைக்கும் மனு மேல் மனுவாகப் போய்க்கொண்டிருந்தது. பதில்கள் எல்லாம் மரியாதையான மொழியில் வந்தன.

பிறகு போர் வந்தது, வேலியும் வந்தது. இரண்டு ஊருக்கும் நடுவே ஆள் உயரத்துக்கு மேல் கம்பி வேலி. என் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தாலே தெரியும். அதன் பக்கமாக மெலானி சில நாள் கூடையைத் தூக்கிக்கொண்டு, கடைக்குப் போகிறவள் போல நடப்பாள். நானும் இந்தப் பக்கம் நடப்பேன். நின்று பேசக் கூடாது என்பதால் நடந்துகொண்டே கத்துவோம்.

"எர்வின் எப்படி இருக்கார்?"

"தொப்பியில்லாத தலையோட இருக்கார்! அண்ணனை மருந்து சாப்பிடச் சொல்லு!"

எங்கள் பக்கத்துக் காவல்காரப் பையன், "அம்மா, வேலிகிட்ட வராதீங்க" என்றான். மெலானி அந்தப் பக்கத்திலிருந்து, "டேய், உங்கம்மா கல்யாணத்துக்குத் தொப்பி எங்க கடைலதான் வாங்கினா! ரெண்டு தடவை மாத்திட்டுப் போனா! போய்க் கேளு!" என்று கத்தினாள். பையன் முகம் சிவந்து வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். அவள் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்த கடைசி நாள் அதுதான்.

1940 அக்டோபரில் ஒரு காலை. கொன்ஸ்தான்ஸ் தோட்டக்காரர்களுக்கு எங்கள் பக்கத்தில் காய்கறி நிலம் உண்டு. அதனால் அவர்களை மட்டும் எல்லையில் விடுவார்கள். அவர்களில் ஒருத்தி முட்டைக்கோஸ் வெட்டிக்கொண்டே, தலையைத் தூக்காமல் என்னிடம் சொன்னாள்: "உங்க நாத்தனார் வீட்டுக் கதவுல சீல் வச்சிருக்காங்கம்மா. அங்க இருந்த உங்க ஆளுங்க எல்லாரையும் நேத்து ரயில்ல ஏத்திட்டாங்க. கிழவிங்களைக்கூட விடல."

எங்கே என்று கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. வாரக்கணக்கில் எங்களுக்கும் தெரியவில்லை. பிறகுதான் தகவல் வந்தது. நாங்கள் பயந்தபடி ரயில் கிழக்கே போலந்துப் பக்கம் போகவில்லை, பிரான்ஸைக் குறுக்கே கடந்து, ஸ்பெயினுக்குப் பக்கத்து மலையடிவாரத்தில் கூர்ஸ் என்ற முகாமில் கொண்டுபோய்த் தள்ளியிருந்தார்கள். மரக் கொட்டகைகள். ஆண்கள் தனி, பெண்கள் தனி. மழை பெய்தால் சேறு முழங்கால் வரைக்கும். செருப்பைச் சேறு பிடுங்கிக்கொள்ளுமாம், வயதானவர்கள் கழிப்பிடத்துக்குப் போகிற வழியில் சிக்கி நிற்பார்களாம். எர்வின் அந்தக் குளிர்காலத்தைத் தாண்டவில்லை. வயிற்றுப்போக்கு. ஆண்கள் பகுதிக்குப் போக அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு மெலானி போனபோது அவரைப் புதைத்து முடித்திருந்தார்கள்.

சாலி மறுபடியும் அலுவலகத்துக்குப் போனார். அதே அதிகாரி. அனுதாபம் சொன்னார். "ஆனா இப்போ அவங்க பிரான்ஸ்ல இருக்காங்க. ஜெர்மன் ஆபத்து நீங்கிடுச்சு இல்லையா? இது பிரெஞ்சுக்காரங்க பார்க்க வேண்டிய விஷயம்" என்றார்.

அடுத்த வருஷம் ஜெர்மனி, வெளிநாட்டில் இருக்கும் தன் யூதர் எல்லாருடைய குடியுரிமையையும் ஒரே அடியாகப் பறித்தது. ரயிலில் ஏற்றி வெளியே தள்ளியதும் அவர்கள்தான், வெளியே இருக்கிறாய் என்று பறித்ததும் அவர்கள்தான். சாலிக்கு அதில் ஒரு நம்பிக்கை வந்தது. அதுவரை அவளை ஜெர்மன்காரி என்றுதானே தள்ளினார்கள், இப்போது அதுவும் இல்லையே. நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு போனார்.

"அப்போ அவங்க எந்த நாட்டுப் பிரஜையும் இல்ல" என்றார் அதிகாரி. "நாடில்லாதவங்களை உள்ள விட்டா, போர் முடிஞ்சதும் எங்க திருப்பி அனுப்புறது? முன்னாடி இருந்ததைவிட இப்போ கஷ்டம், திரு. போலாக்."

சாலி அன்று வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தார். சூப் ஆறிப்போயிற்று. "அவ எதுவா இருந்தாத்தான் விடுவாங்க?" என்று ஒரு தடவை கேட்டார். என்னைக் கேட்டாரா, சுவரைக் கேட்டாரா தெரியாது.

1942 கோடையில் அந்த முகாமிலிருந்து ஆட்களைக் கிழக்கே, கொலை முகாம்களுக்கு அனுப்ப ஆரம்பித்தார்கள். மெலானி அப்போது அங்கே இல்லை. சமைக்க ஆள் வேண்டும் என்று சொல்லி, ஒரு புராட்டஸ்டண்ட் போதகர் குடும்பம் அவளை மலைக்கிராமத்துக்கு அழைத்துப்போயிருந்தது. போலீஸ் அந்தக் கிராமத்துக்கும் வந்தபோது அவர்கள் அவளைக் கைமாற்றிக் கைமாற்றி ஜெனீவா எல்லை வரைக்கும் கொண்டுவந்து சேர்த்தார்கள். இனி நடந்ததை அவளே எனக்குச் சொன்னாள்.

முதல் தடவை முள்கம்பிக்கு அடியில் ஊர்ந்து வந்தாள். பட்டப்பகல். எழுந்து நின்று பாவாடையில் மண்ணைத் தட்டிக்கொண்டிருக்கும்போது ஒரு சிப்பாய் துப்பாக்கியோடு வந்து, "நில்லு!" என்றான். அந்த ஒரு சொல்லிலேயே அவன் எந்தப் பக்கத்துக்காரன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவள் பாட்டன் பூட்டன் இருந்த கிராமத்துக்குப் பக்கத்து ஊர்.

"நின்னுக்கிட்டுத்தான் இருக்கேன், கண்ணு தெரியலையா? துப்பாக்கியைக் கீழ போடு, சளி பிடிச்ச மூக்கை முதல்ல தொடை" என்றாள் அதே பேச்சில்.

பையனுக்கு வாய் பிளந்துவிட்டது. "அம்மா, நீங்க நம்ம ஊரா? இங்க எப்படி வந்தீங்க?"

"நடந்துதான்."

தன் ரொட்டியை அவளுக்குக் கொடுத்து, சந்தோஷமாக அதிகாரியிடம் அழைத்துப் போனான், காணாமல்போன பசுவைக் கண்டுபிடித்துக் கொண்டுவருகிறவன் மாதிரி. அதிகாரி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். அந்த ஆகஸ்டிலேயே உத்தரவு வந்திருந்தது: யூதர் என்பதற்காக மட்டும் ஓடி வருகிறவர்கள் அகதிகள் இல்லை. சில விலக்குகள் உண்டு. உள்ளே நெருங்கிய உறவு இருந்தால் பார்க்கலாம்.

"என் அண்ணன் இருக்கார். கடை வச்சிருக்கார்."

"அண்ணன் அந்தக் கணக்குல வரமாட்டாரும்மா. கணவர், பெத்தவங்க, பிள்ளைங்க. அவ்வளவுதான்."

"கணவரை முகாம்ல புதைச்சாச்சு. பெத்தவங்க உங்க மண்ணுலதான் படுத்திருக்காங்க. பிள்ளை எனக்குப் பொறக்கல. மிச்சம் இருக்கிற ஒரே உறவை நீங்க உறவே இல்லேன்னா, நான் யாரைக் கொண்டுவந்து காட்ட?"

அவர், மன்னிக்க வேண்டும் என்றார். நிஜமாகவே வருத்தப்பட்டார் என்றாள் மெலானி. அதே சிப்பாயையே கூட அனுப்பி, அவளைக் கம்பிக்கு அந்தப் பக்கம் விட்டார்கள். பையன் கம்பியைத் தூக்கிப் பிடித்தான். பிரெஞ்சுக் காவலர்கள் எந்தப் பக்கம் இல்லையோ அந்தப் பக்கத்தைக் கையால் காட்டினான். "என்னை மன்னிச்சிருங்கம்மா" என்றான்.

"உன்னை மன்னிச்சு நான் என்னடா பண்ண?" என்று கேட்டுவிட்டுக் குனிந்து போனாளாம்.

அந்தப் பக்கத்தில் ஒரு தேவாலயத்தின் சமையல்காரி அவளை விறகுக் கொட்டகையில் ஒளித்து வைத்தாள். அவள்தான் சொன்னாள், நடக்க முடியாத நோயாளிகளை மட்டும் திருப்பி அனுப்புவதில்லை என்று. அந்த ஊரில் ஒரு தோட்டத்துச் சுவர்தான் எல்லை. ஒரு மதியம், மழை தூறிக்கொண்டிருக்கும்போது மெலானி அந்தச் சுவரில் ஏறி, இந்தப் பக்கம் விழுந்தாள். கணுக்கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. இந்த முறை வந்த சிப்பாய்கள் அவளைக் கதவுப் பலகையில் வைத்துத் தூக்கிப்போனார்கள். பயணம் செய்ய முடியாத நிலை என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார். அவ்வளவுதான், அவள் உள்ளே வந்துவிட்டாள்.

ஆஸ்பத்திரிக்குச் சாலியும் நானும் போனோம். கட்டிலில் ஒரு கிழவி படுத்திருந்தாள். அடுத்த கட்டிலைத் தேடிப்போன என்னை, "அண்ணி, இங்க" என்று கூப்பிட்டாள். அவளுக்கு அப்போது ஐம்பதுகூட ஆகவில்லை. சாலி அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவர் வெளியே போனதும் நான் கேட்டேன்: "ஏண்டி, வேணும்னே விழுந்தியா?"

"சுவரு உயரம் அண்ணி" என்றாள். அதற்கு மேல் அவள் கடைசி வரைக்கும் சொல்லவில்லை. அந்தக் கால் கடைசி வரைக்கும் சரியாகவும் இல்லை.

இனி வீட்டுக்கு அழைத்துப்போகலாம் என்று நினைத்தோம். எங்களைவிட முட்டாள்கள் உண்டா? கால் ஆறியதும் அவளைப் பெண்களுக்கான முகாமுக்கு அனுப்பினார்கள். மலைமேல் ஒரு பழைய ஹோட்டல். காலையில் பேர் கூப்பிடுவார்கள். பிறகு நாள் முழுதும் ஆண்கள் முகாமிலிருந்து மூட்டையாக வரும் காலுறைகளைத் தைக்க வேண்டும். எங்கள் ஊர் எல்லைப் பகுதி என்பதால் அகதிகள் அங்கே தங்கக் கூடாது. அவள் பிறந்து வளர்ந்த ஊர், எல்லையில் இருக்கிறது என்பதால் அவளுக்கு ஆகாது. முகாமை நடத்திய அம்மாள் ஒரு நாள் அவளைப் பாராட்டினாளாம்: "திருமதி வைட், வந்து கொஞ்ச மாசத்துல எங்க பேச்சை எவ்வளவு அழகாப் பிடிச்சிட்டீங்க! மத்தவங்களும் உங்களைப் பாத்துக் கத்துக்கணும்."

"நீ என்ன சொன்னே?" என்று கேட்டேன்.

"நன்றின்னு சொன்னேன். ரொட்டி வெட்டுறது அவதானே."

1944 இலையுதிர்காலத்தில் சாலிக்கு இதயம் மோசமானது. தங்கையைப் பார்க்க வேண்டும் என்றார். நோயாளி அண்ணனைப் பார்க்க விடுப்பு என்று மெலானி விண்ணப்பம் கொடுத்தாள். எல்லைப் பகுதி என்பதால் அது மூன்று இடத்துக்குப் போய் வர வேண்டும். சாலி ஒவ்வொரு நாளும் கதவுச் சத்தம் கேட்டால் தலையைத் திருப்புவார். அவர் அடக்கம் முடிந்த மறுநாள் அனுமதி வந்தது. அதை எடுத்துக்கொண்டு அவள் கிளம்பும்போது முகாம் அலுவலகத்தில் தடுத்தார்கள். நோயாளி அண்ணனைப் பார்க்கக் கொடுத்த விடுப்பு இது, இப்போது நோயாளி இல்லையே, துக்கத்துக்குப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும்.

அன்றைக்குத்தான் மெலானி முதல்முறையாகக் கோபத்தில் கத்தினாள். மேஜைமேல் இருந்த காலுறை மூட்டையைத் தூக்கி ஜன்னல் வழியாகப் பனியில் வீசினாள். அந்த ஹோட்டல் முழுக்கக் கேட்கும்படி, எங்கள் மாட்டு வியாபாரிகள் பேசும் பேச்சில், அவர்கள் தலைமுறையையே இழுத்துத் திட்டினாள். தண்டனையாக வேறு முகாமுக்கு மாற்றியிருப்பார்கள், ஆனால் முகாமை நடத்திய அம்மாளுக்கே வெட்கமாகிவிட்டது போலிருக்கிறது, தொலைபேசியில் பேசி எப்படியோ அனுப்பிவைத்தாள். எங்கள் வழக்கப்படி வீட்டில் தாழ உட்கார்ந்து காக்கிற ஏழு நாள் துக்கத்தின் கடைசி நாள், சாயங்காலம், மெலானி நொண்டிக்கொண்டு வந்து சேர்ந்தாள். நான் தாழ்வான முக்காலியில் உட்கார்ந்திருந்தேன். என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். மறுநாள் காலை காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பிப் போனாள்.

போர் முடிந்த பிறகு ஒருவழியாக என்னோடு வந்து சேர்ந்தாள். கடையை இருவரும் பார்த்துக்கொண்டோம். ஆனால் அவள் வேலை செய்யக் கூடாது, தங்க மட்டும்தான் அனுமதி. அதனால் கடையில் யாராவது தெரியாதவர் வந்தால் அவள் சும்மா நிற்கிற மாதிரி நிற்பாள். சில மாதத்துக்கு ஒருமுறை வெளிநாட்டார் அலுவலகத்திலிருந்து ஒரு இளைஞன் வருவான். வணக்கம் சொல்லித் தொப்பியைக் கழற்றுவான்.

"திருமதி வைட், அடுத்த நாட்டுக்குப் போற ஏற்பாடு எந்த அளவுல இருக்கு?"

"எந்த நாடு தம்பி?"

"அது உங்க விருப்பம். அமெரிக்கா, பாலஸ்தீனம்... இது வழியில தங்குற நாடுதானே."

"எந்த இடத்துக்குப் போற வழியில நான் இங்க பொறந்தேன்னு கேட்டுச் சொல்லு, அங்கயே போயிடுறேன்."

அவன் சிரித்துவிட்டு, 'ஏற்பாடு நடக்கிறது' என்று எழுதிக்கொண்டு போவான். அவன் போனதும் மெலானி கத்திரிக்கோலை, துணி அளக்கும் கோலை, எது கையில் கிடைக்கிறதோ அதை மேஜைமேல் ஓங்கி வைப்பாள். வாடிக்கையாளர்களிடம், பால்காரரிடம், என்னிடம், எல்லாரிடமும் எரிந்து விழுந்தாள். எனக்கும் பொறுமை போய்விடும். ஒரு நாள், "உனக்காக அலைஞ்சு அலைஞ்சே என் புருஷன் போயிட்டாரு, என்மேல ஏன் பாயுறே?" என்று கேட்டுவிட்டேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. "வேற யாருமேல பாயுறது அண்ணி? அவங்க எல்லாரும்தான் வணக்கம் சொல்லிடுறாங்களே" என்றாள். அன்று இருவரும் சமைக்கவில்லை.

1953-இல் புதுச் சட்டம் வந்தது. வெளிநாட்டுக்காரனைக் கட்டிக் குடியுரிமை இழந்த பெண்கள் ஒரு வருஷத்துக்குள் கேட்டால் திரும்பத் தருவார்கள். மெலானி கேட்க மாட்டேன் என்றாள். "என் பொருளை எடுத்தவன்கிட்டயே நான் ஏன் கையேந்தணும்?" நான்தான் மல்லுக்கட்டி எழுதவைத்தேன். விசாரிக்க ஒருவர் வீட்டுக்கு வந்தார். நடுத்தர வயது, நல்ல சூட். காப்பி கொடுத்தோம். அவர் அவளைக் கேட்காமல் என்னைப் பார்த்துக் கேட்டார்: "நீங்க சுவிஸ் குடிமகள். நீங்க சொல்லுங்க. திருமதி வைட் நம்ம நாட்டு வாழ்க்கைக்குப் பழகிட்டாங்களா?"

நாற்பது வருஷம் ஆகியும் என் பேச்சில் அல்சாஸ் வாடை போகவில்லை. அந்தப் பேச்சிலேயே, ஆமாம், நன்றாகப் பழகிவிட்டாள் என்று சாட்சி சொன்னேன். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. மெலானி சமையலறைக்குள் போய்விட்டாள். அவர் போன பிறகு உள்ளே எட்டிப் பார்த்தேன். தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துப் பக்கத்தில் போனேன். சிரித்துக்கொண்டிருந்தாள். ஆனால் சத்தமே வரவில்லை.

கிடைத்தது. சான்றிதழைப் பார்த்துவிட்டு அலமாரியில் மேஜைவிரிப்புகளுக்கு நடுவே வைத்தாள். அவ்வளவு பாடுபட்டும் அவள் குணம் மாறவில்லை. இளைஞன் வருவது நின்றது, அது ஒன்றுதான் லாபம்.

1956-இன் கடைசியில் ஹங்கேரியில் கலவரம். ரஷ்ய டாங்கிகளுக்குத் தப்பி ஆயிரக்கணக்கான பேர் ஓடிவந்தார்கள். எங்கள் நாடு ரயில் விட்டு அழைத்துவந்தது. ஊர்களில் தேவாலய மணி அடித்தார்கள், பள்ளிக் குழந்தைகள் கொடி பிடித்தார்கள். உதவிக்கு ஆள் வேண்டும் என்று வானொலியில் சொன்னதும் மெலானி கோட்டைப் போட்டுக்கொண்டாள். அந்தக் காலோடு எங்கே போகிறாய் என்று கேட்டேன், அதற்குள் படியிறங்கிவிட்டாள். நானும் கூடப் போனேன்.

ரயில் நிலையத்தில் கூட்டம். ரயில் நின்றதும் வாத்தியம் வாசித்தார்கள். சன்னல் வழியே ஆப்பிள், சாக்லேட், கம்பளிப் போர்வை, பொம்மை, என்னவெல்லாமோ நீட்டினார்கள். எங்கள் கடை எதிரே இருக்கும் வீட்டுக்காரி, போர் நாட்களில் "படகு நிரம்பிடுச்சு, இனி அகதிங்களுக்கு இடமில்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தவள், ஒரு ஹங்கேரியக் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு அழுதாள். நடிப்பு இல்லை, நிஜ அழுகை. யாரும் பாஸ்போர்ட் கேட்கவில்லை. எப்போது திரும்பிப் போவீர்கள் என்று யாரும் கேட்கவில்லை.

மெலானி நாள் முழுதும் நின்று தேநீர் ஊற்றினாள். ஒரு இளம்பெண்ணுக்குத் தன் கையுறையைக் கழற்றிக் கொடுத்தாள். அந்தப் பெண்ணுக்கு ஒரு வார்த்தைகூடப் புரியாது, இருந்தாலும் அவளிடம் ஏதோ பேசிக்கொண்டே இருந்தாள்.

திரும்பி வரும்போது பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள். கணுக்கால் வீங்கியிருந்தது.

"நல்லாத்தான் வரவேற்கிறாங்க அண்ணி" என்றாள்.

"ஆமாம்."

"இவங்களுக்குத் தெரியாதுன்னு நெனச்சிருந்தேன். எப்படிச் செய்யணும்னு தெரியாமத்தான் எங்ககிட்ட அப்படி இருந்தாங்கன்னு. தெரிஞ்சிருக்கு."

நான் அவள் கையைப் பிடித்தேன். உதறிவிட்டாள். வீட்டுக்கு வந்து வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு, சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். மறுநாள் அடுத்த ரயில் வருகிறது என்று விடிந்ததுமே எழுந்து, காலில் துணியைச் சுற்றிக்கொண்டு, என்னையும் திட்டி எழுப்பினாள்.